நம்ம தோலுக்கு எந்த சன்ஸ்கிரீன்?

ஏப்ரல் 16-ஐ ஒட்டிய ஓரிரு நாட்களில், மதுரையில் பகல் 12.18 மணி வாக்கில் நட்ட கம்பத்துக்கு நிழல் இருக்காது. சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். ஆகஸ்ட் 27 வாக்கில் திரும்பவும் ஒருமுறை இப்படி ஆகும். அறிவியல் ஆசிரியர்கள் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி ‘நிழலில்லா நாள்’ என்று காட்டுவது இதைத்தான். சித்திரைத் திருவிழாவும் இந்த நாட்களை ஒட்டித்தான் வருகிறது. அழகர் ஆற்றில் இறங்கி வண்டியூர் போகிறவரை பின்னால் நடக்கிற கூட்டம், ஏறக்குறைய செங்குத்தான வெயிலைத் தலையில் வாங்கிக்கொண்டு நடக்கிறது.

“இது கோடையில்தானே, மார்கழியில் என்ன?” என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. டிசம்பர் கடைசியில் மதுரை உச்சி வெயிலின் உயரம் 56 டிகிரிக்குச் சற்று மேல். லண்டனில் ஜூன் மாத நடுக்கோடையில்கூடச் சூரியன் 62 டிகிரிக்கு மேல் ஏறாது. நம்முடைய மார்கழி வெயில் அவர்களுடைய நடுக்கோடைக்குப் பக்கத்தில் நிற்கிறது. நமக்குக் குளிராகத் தெரிவதால் தோலுக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். புற ஊதாக் கதிருக்கும் சூட்டுக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. சூடு உச்சத்துக்கு வருவது பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு. புற ஊதாக் கதிர் உச்சத்துக்கு வருவது பன்னிரண்டே கால் வாக்கில். மெல்லிய மேகம் போட்டிருந்தாலும் அதில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும்.

கே.கே. நகரில் டாக்டர்களுக்குக் குறைவில்லை, மெடிக்கல் கடைகளுக்கும் குறைவில்லை. லேக் வியூ ரோட்டில் வண்டியூர் கண்மாய்க் காற்று வாங்கிக்கொண்டு விடியற்காலையில் நடக்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. அந்த நேரத்து வெயில் ஒன்றும் செய்யாது. அதே ரோட்டில் பதினொரு மணிக்கு ஸ்கூட்டியில் போகிற பெண்களைப் பாருங்கள். முகத்தைச் சுற்றித் துப்பட்டா, முழங்கைக்கு மேல்வரை கையுறை, கண்ணாடி. இவர்களில் பலருடைய கைப்பையில் இப்போது ஒரு சன்ஸ்கிரீன் ட்யூபும் இருக்கிறது. அதை வாங்கும்போது கடையில் கேட்கப்படுவது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: “அண்ணே, இது போட்டா வெள்ளையாகுமா?”, “எஸ்பிஎஃப் ஐம்பது இருக்கா?”

முதல் கேள்விக்குப் பதில் எளிது: ஆகாது. சன்ஸ்கிரீன் யாரையும் சிவப்பாக்காது. வெயிலால் கூடிய கறுப்பு மேலும் கூடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். 1975-ல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020-ல் பெயரில் இருந்த ‘ஃபேர்’ என்பதைக் கழற்றிவிட்டு ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆகிவிட்டது. வாங்குகிறவர்கள் மனசிலிருந்து அது இன்னும் கழறவில்லை. இரண்டாவது கேள்விதான் நின்று பேச வேண்டியது. அந்த ஐம்பது நம் தோலுக்காக அளக்கப்பட்ட எண்ணே கிடையாது.

சிவக்கிற தோலுக்கு ஓர் எண்

ஆஸ்திரியக்காரரான ஃபிரான்ஸ் கிரைட்டர் என்ற வேதியியல் மாணவர் 1938-ல் பிஸ் பூயின் என்ற ஆல்ப்ஸ் சிகரத்தில் ஏறும்போது வெயிலில் வெந்துபோனார். 1946-ல் அவர் கொண்டுவந்த பனிமலைக் கிரீமின் காப்பு இன்றைய கணக்கில் சுமார் 2-தான் இருக்கும் என்கிறார்கள். எஸ்பிஎஃப் என்ற அளவையும் 1974-ல் அவரே பரவலாக்கினார். அளக்கிற முறை இன்றுவரை பெரிதாக மாறவில்லை. வெளிர் தோல் உள்ளவர்களின் முதுகில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் வீதம் பூசி, விளக்கொளி காட்டி, எவ்வளவு கதிரில் தோல் சிவக்கிறது என்று பார்ப்பார்கள். பூசாமல் சிவக்கிற அளவைப்போல் முப்பது மடங்கு தாங்கினால் எஸ்பிஎஃப் 30. மாநிறத்தவரும் கறுப்பானவர்களும் இந்தச் சோதனைக்குச் சேர்க்கப்படுவதில்லை, ஏனென்றால் நம் தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

சிவக்க வைப்பது புற ஊதாக் கதிரில் யூவிபி என்ற வகை. அதற்கு எதிராக நமக்குப் பிறவியிலேயே ஒரு காப்பு இருக்கிறது. 1979-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் கறுப்பினத்தவரின் மேல்தோல் எஸ்பிஎஃப் 13 அளவுக்கும், வெள்ளையரின் மேல்தோல் 3 அளவுக்கும் யூவிபியைத் தடுத்தன. நாம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறோம். தோல் புற்றுநோய் நம்மிடம் குறைவாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். கறுத்த தோலில் வரும் மெலனோமாவும் பாதம், நகத்தடி போன்ற வெயில் படாத இடங்களில்தான் அதிகம். பாடகர் பாப் மார்லி 1981-ல் இறந்தது கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால்தான். சன்ஸ்கிரீன் பூசியிருந்தாலும் அது வந்திருக்கும். ஆகவே ‘பூசாவிட்டால் கேன்சர்’ என்ற பயமுறுத்தல் ஆஸ்திரேலியாவுக்குப் பொருந்தும். மதுரைக்கு அதை அப்படியே இறக்குமதி செய்வது வியாபாரம்.

அப்படியானால் நமக்கு எதற்கு? நம் தோல் சிவப்பதில்லை, கறுக்கிறது. கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் நெற்றியிலும் வரைபடம்போல் படர்கிற மங்கு. பருவோ அம்மை வடுவோ ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் நிற்கிற கரும்புள்ளி. முன்கையிலும் பின்கழுத்திலும் அரிப்போடு கிளம்புகிற வெயில் அலர்ஜி. இந்தக் கடைசி ஒன்றைப் பலர் தேமல் என்று நினைத்துத் தேமல் மருந்து பூசிக்கொண்டிருப்பார்கள். இவற்றில் பெரும்பங்கு யூவிஏ என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிருக்கு. அது தோலுக்குள் ஆழமாக இறங்கும், ஜன்னல் கண்ணாடி வழியாகவும் வரும்.

2012-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர். ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் தொங்கித் தடித்துச் சுருங்கிப் போயிருக்கிறது. வலது கன்னம் அப்படி இல்லை. நம் ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் எடுக்கிற ஓட்டுநருக்கு வெயில் வாங்குவது வலது கன்னமும் வலது கையும். அதே 2012-ல்தான் கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதுகாப்புக்காகச் சொன்ன தீர்ப்பு, சரிதான். ஆனால் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் போகிறோம், வெயில் நம்மைத் தொடவில்லை என்ற நம்பிக்கை மட்டும் வேண்டாம்.

யூவிஏவுக்கு எதிரான காப்பை எஸ்பிஎஃப் எண் சொல்வதில்லை. அதைச் சொல்வது ட்யூபில் அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ‘பிஏ’வும் அதன் கூட்டல் குறிகளும். 1996-ல் ஜப்பானியர்கள் கொண்டுவந்த முறை இது. தோல் எவ்வளவு கதிரில் நிலையாகக் கறுக்கிறது என்பதை அளந்து தருகிற மதிப்பு. 2 முதல் 4 வரை ஒரு கூட்டல், 4 முதல் 8 வரை இரண்டு, 8 முதல் 16 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. இந்த நான்காவது 2013-ல் சேர்ந்தது. கறுப்பதை அளக்கிற எண்ணை விட்டுவிட்டு, சிவப்பதை அளக்கிற எண்ணுக்குக் காசு கொடுக்கிறோம். மூன்று கூட்டலுக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். வெளிநாட்டுத் தயாரிப்பில் பிஏ இல்லாவிட்டால், வட்டத்துக்குள் ‘யூவிஏ’ என்று இருக்கிறதா பாருங்கள். எஸ்பிஎஃப் எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது யூவிஏ காப்பு உண்டு என்று ஐரோப்பியர்கள் அதற்குப் பொருள் வைத்திருக்கிறார்கள்.

எஸ்பிஎஃப் 30 சுமார் 97 சதவீத யூவிபியைத் தடுக்கும், 50 என்பது 98. வித்தியாசம் பெரிதல்ல என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். பிறகும் நான் ஐம்பதை வாங்கச் சொல்வேன். அதற்குக் காரணம் நம்முடைய கஞ்சத்தனம்.

ட்யூப் எத்தனை நாள் வருகிறது?

சோதனையில் பூசுவது சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் என்று பார்த்தோம். வீட்டில் பூசுகிறவர்கள் அதில் பாதியோ கால்வாசியோதான் பூசுகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாதி பூசினால் ட்யூபில் போட்டிருக்கும் ஐம்பது முகத்தில் ஐம்பதாக இருக்காது. இருபத்தைந்தோ அதற்கும் கீழோ போய்விடும். பிஏவும் அப்படியே இறங்கும்.

முகத்துக்கும் கழுத்துக்கும் தேவையான அளவை டாக்டர்கள் விரலால் சொல்லித் தருகிறார்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை தலா ஒரு கோடு இழுத்துவிட்டால் அதுதான் ஒருவேளை. எடை போட்டால் ஒரு கிராமுக்குச் சற்று மேல் வரும். அப்படியென்றால் ஐம்பது கிராம் ட்யூப் நாற்பது தடவைக்குத்தான் காணும். காலையில் ஒருமுறை, மதியம் வெளியே கிளம்பும்போது ஒருமுறை என்றால் இருபது, இருபத்தைந்து நாள். உங்கள் வீட்டு ட்யூப் ஆறு மாதமாக ஓடுகிறது என்றால் நீங்கள் சன்ஸ்கிரீன் போடவில்லை, வாசனை போடுகிறீர்கள்.

இந்தக் கணக்கிலிருந்து விலையைப் பற்றிய முடிவும் வந்துவிடுகிறது. முந்நூறு ரூபாய்க்கும் ட்யூப் கிடைக்கிறது, ஆயிரத்து ஐந்நூறுக்கும் கிடைக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தவர் சொட்டுச் சொட்டாகத்தான் பிதுக்குவார். மாதாமாதம் வாங்கக் கட்டுப்படியாகிற விலையில், தாராளமாகப் பூச மனசு வருகிற ஒன்றுதான் நல்ல சன்ஸ்கிரீன். விலை கூடினால் தரம் கூடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2025-ல் ஆஸ்திரேலிய நுகர்வோர் அமைப்பான ‘சாய்ஸ்’ 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்தபோது, அட்டையில் போட்ட எஸ்பிஎஃப் அளவை எட்டாதவை 16. அவற்றில் விலை உயர்ந்த ஒன்று, ஐம்பதுக்கு மேல் என்று சொல்லிக்கொண்டு நான்கைத்தான் எட்டியது. பிற்பாடு அந்த நிறுவனம் அதைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. உலகிலேயே சன்ஸ்கிரீனுக்குக் கடுமையான சட்டம் வைத்திருக்கும் நாடுகளில் ஒன்றின் கதை இது.

நம் நாட்டில் சன்ஸ்கிரீன் மருந்து அல்ல, அழகுசாதனப் பொருள். பவுடர், லிப்ஸ்டிக் வரிசையில்தான் 2020-ன் அழகுசாதன விதிகளுக்குள் வருகிறது. 2025 ஏப்ரலில், இணையத்தில் அதிகம் விற்கும் சில ‘ஐம்பது’கள் உண்மையில் இருபதுதான் என்ற பொருளில் லாக்மே விளம்பரம் செய்ய, ‘தி டெர்மா கோ’வை விற்கும் ஹொனாசா நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விளம்பரத்தை மாற்றிக்கொள்வதாக லாக்மேயை விற்கும் இந்துஸ்தான் யூனிலீவர் ஒப்புக்கொண்டது. இரண்டு பெரிய கம்பெனிகள் சண்டை போட்டதில் நமக்குக் கிடைத்த நன்மை ஒன்றுதான்: அட்டையில் ‘இன் விவோ’ சோதனை, அதாவது மனிதத் தோலில் செய்த சோதனை, நடந்ததா என்று கேட்கிற பழக்கம் வாங்குகிறவர்களுக்கும் வந்திருக்கிறது. கேளுங்கள். வாட்டர் ப்ரூஃப், சன் பிளாக் என்றெல்லாம் போட்டிருந்தால் மயங்காதீர்கள். அமெரிக்காவில் 2011-ன் விதிகளின்படி அந்தச் சொற்களை சன்ஸ்கிரீன் அட்டையில் போடவே கூடாது.

சுண்ணாம்பு அடித்த மாதிரி

சன்ஸ்கிரீனை ஒருமுறை வாங்கிவிட்டு விட்டுவிடுகிறவர்கள் சொல்லும் காரணம் இரண்டு: “சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு”, “பத்து நிமிஷத்துல எண்ணெயா வழியுது”. இரண்டும் நியாயமான புகார்கள். ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் வெள்ளைப் பொடிகள். அவற்றை வைத்துச் செய்தவை தோலை உறுத்தாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும், எதைப் போட்டாலும் அரிக்கிற தோலுக்கும் அவையே ஏற்றவை. ஆனால் மாநிறத்தில் சாம்பல் பூத்துத் தெரியும். ஆவோபென்சோன் போன்ற ரசாயன வடிகட்டிகளால் செய்தவை தெரியாமல் தோலோடு கலந்துவிடும். சிலருக்குக் கண் எரியும். ஆவோபென்சோன் தனியாக இருந்தால் வெயிலிலேயே சிதையும் என்பதால் ஆக்டோக்ரிலீன் போன்ற துணையோடு சேர்த்திருப்பார்கள். ஹவாய்த் தீவுகளில் ஆக்சிபென்சோனும் ஆக்டினாக்ஸேட்டும் பவளப் பாறைகளுக்குக் கேடு என்று 2018-ல் சட்டம் போட்டு, 2021 முதல் விற்பனைக்குத் தடை விதித்தார்கள். மதுரையில் கடல் இல்லை, ஆனால் விடுமுறைக்கு ராமேஸ்வரம் போய்க் குளிக்கிறவர்கள் மன்னார் வளைகுடாப் பவளத்தையும் நினைத்துக்கொள்ளலாம்.

மதுரைப் புழுக்கத்துக்கு ஜெல் அல்லது தண்ணீராக ஓடுகிற ஃப்ளூயிட் வகை சரியாக வரும். வறண்ட தோலுக்கும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் கிரீம். ஸ்பிரே, ஸ்டிக், பவுடர் வகைகளை நம்ப வேண்டாம். தேவையான அளவு போட்டோமா என்று தெரியாது. எஸ்பிஎஃப் போட்ட ஃபவுண்டேஷனும் அப்படித்தான், இரண்டு விரல் நீளத்துக்கு அதை யாரும் பூசுவதில்லை.

மங்கு இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே கறுத்த தோலைக் கறுக்க வைக்கும் என்று 2010-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வெள்ளைத் தோலில் அதே வெளிச்சம் ஒன்றும் செய்யவில்லை. சாதாரண சன்ஸ்கிரீன் எதுவும் இந்த வெளிச்சத்தைத் தடுக்காது. தடுப்பது அயர்ன் ஆக்சைடு, அதாவது செங்காவி நிறம் தருகிற இரும்புத் துரு. ‘டின்டட்’ என்று விற்கும் நிறமேற்றிய சன்ஸ்கிரீன்களில் அது இருக்கும். சுண்ணாம்புப் பிரச்சினையும் அதிலேயே தீர்ந்துவிடும். உங்கள் நிறத்துக்குப் பொருந்துகிற சாயல் கிடைத்தால் மங்குக்கு அதுதான் முதல் தேர்வு.

வெயிலில் நிற்கிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வேர்வையைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பூச வேண்டும். ஆபீசுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த விதியைச் சொல்வது அநாவசியம். ட்யூபை வண்டி சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் மருந்து பிரிந்துவிடும். ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குப் பூச வேண்டாம், நிழலில் வைத்தால் போதும்.

பாட்டி வைத்தியமும் மெடிக்கல் வைத்தியமும்

மஞ்சள், சந்தனம், தேங்காய் எண்ணெய் மூன்றும் தோலுக்கு நல்லவையாகவே இருக்கட்டும். வெயிலைத் தடுக்க அவற்றை நம்ப முடியாது. இரண்டு விஷயங்களில் மட்டும் உஷாராக இருக்க வேண்டும். ஒன்று, எலுமிச்சைச் சாறு. கறை போகும் என்று முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போனால், அதில் உள்ள பொருள் யூவிஏவோடு சேர்ந்து தோலைப் புண்ணாக்கிக் கருந்திட்டை விட்டுவிடும். இரண்டாவது, குளியல் பொடியில் சேர்க்கிற கார்போக அரிசி. அதில் சோரலென் இருக்கிறது. வெண்புள்ளிக்கு மருந்தாகப் பூசி வெயில் காட்டச் சொல்வதே, அது வெயிலோடு சேர்ந்து தோலைக் கறுக்க வைக்கும் என்பதால்தான். சிவப்பாக வேண்டும் என்று அந்தப் பொடியைத் தேய்த்துக் குளித்துவிட்டு உச்சி வெயிலில் கிளம்புவது எதிர்த்திசையில் போகிற வேலை. சாயங்காலம் தேய்த்துக் குளியுங்கள், வம்பில்லை.

இதைவிடப் பெரிய வம்பு மெடிக்கலில் காத்திருக்கிறது. “மங்குக்கு ஒரு க்ரீம் குடுங்கண்ணே” என்று கேட்டு வாங்குகிற ட்யூபில் ஸ்டீராய்டு இருக்கலாம். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சிபாரிசு போகும். சில மாதத்தில் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, பரு கிளம்பி, வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் மங்கு முன்னைவிடக் கறுப்பாகத் திரும்பும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்தக் கேட்டுக்கென்றே ‘ஸ்டீராய்டால் கெட்ட முகம்’ என்று ஒரு நோய்ப்பெயர் வைக்க வேண்டியதாயிற்று. 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பிறகும் கேட்டால் கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். டாக்டர் எழுதாத எந்த மங்கு க்ரீமையும் தொடாதீர்கள். டாக்டர் எழுதினாலும் கூடவே சன்ஸ்கிரீன் போடாவிட்டால் அந்த மருந்து வீண்.

சட்டையும் துண்டும்

ட்யூபைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். வெயிலை உண்மையில் வாங்குகிறவர்கள் ட்யூபை வாங்குகிறவர்கள் அல்ல. மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் வயலில் நடவு நடுகிற பெண்களையும், நூறு நாள் வேலையில் கண்மாய் வெட்டுகிற பெண்களையும் பாருங்கள். சேலைக்கு மேல் வீட்டுக்காரருடைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. அதில் முகத்தைத் தவிர எல்லாம் மூடிவிடுகிறது, வேர்த்தால் வழிவதில்லை, இரண்டு மணிக்கொருதரம் போட வேண்டியதில்லை, மாதாமாதம் காசும் இல்லை. எந்தத் தோல் டாக்டரும் இதற்கு மேல் ஒன்று எழுதித் தர முடியாது. நெருக்கமாக நெய்த, அடர்நிறத் துணி நல்லது. மெல்லிய வெள்ளைப் பருத்தி, அதுவும் வேர்வையில் நனைந்தால், கதிரை உள்ளே விட்டுவிடும். வெளிர்நிறச் சுங்குடி அழகுதான், உச்சி வெயிலுக்குக் காப்பு அல்ல. துணியால் மூட முடியாத முகம், கழுத்து, புறங்கைக்குத்தான் சன்ஸ்கிரீன் என்று வைத்துக்கொண்டால் செலவும் பாதியாகும்.

எப்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதற்கு ஆப் எதுவும் தேவையில்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏப்ரலில் மதுரையில் அது காலை ஒன்பதே கால் முதல் பிற்பகல் மூன்றே கால் வரை. வைட்டமின் டி குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் முகத்தை மட்டும் பூசி, கைகால்களைச் சற்று நேரம் வெயிலில் விடலாம். ரத்தத்தில் ஏற்கெனவே குறைந்திருந்தால் மாத்திரைதான் வழி.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நீர்மோர்ப் பந்தலும் ஓஆர்எஸ் கரைசலும் வந்தன. அதோடு வெயிலில் நிற்கிற தூய்மைப் பணியாளர், போக்குவரத்துக் காவலர், நூறு நாள் வேலைக்காரர் ஆகியோருக்கு அகல விளிம்புத் தொப்பியும் முழுக்கை மேற்சட்டையும் சீருடைக் கணக்கில் சேர வேண்டும். வெண்புள்ளி உள்ளவர்களுக்கும், பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களுக்கும் சன்ஸ்கிரீன் அழகுப் பொருள் அல்ல, மருந்து. அரசு ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டரில் அவர்களுக்கு அது தட்டாமல் கிடைக்க வேண்டும்.

கடைக்குப் போகிறவர்களுக்கு: எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், முடிந்தால் 50, பிஏ மூன்று கூட்டல் அல்லது மேல், மங்கு இருந்தால் நிறமேற்றியது, மாதாமாதம் கட்டுப்படியாகிற விலை. முகத்தில் திட்டு வந்துவிட்டால் மெடிக்கலில் யோசனை கேட்காமல் நேரே தோல் டாக்டரிடம் போங்கள். தனியார் டாக்டர் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்கு, கே.கே. நகரிலிருந்து கோரிப்பாளையம் அதிக தூரமில்லை. அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் பிரிவில் புறநோயாளிச் சீட்டுக்குக் காசு கிடையாது.